நாலாம் நாள் லோனார்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

விஜி சித்தி: செந்தில் அண்ணா, எல்லோரா, அஜந்தா, தௌலதாபாத் கோட்டை எல்லாம் சரி. நாலாம் நாள் லோனார் என்று போட்டிருக்கிறீர்களே, அங்கே என்ன?

செந்தில் மாமா: விண்கல் மோதிய பள்ளம் விஜி. மகாராஷ்டிராவில் புல்டாணா மாவட்டம். குறுக்களவு 1.8 கிலோமீட்டர், உள்ளே உப்பு ஏரி.

அம்மா: ஒரு பள்ளத்தைப் பார்க்க மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார வேண்டுமா? பாட்டிக்கு முட்டி வலி வேறு.

செந்தில் மாமா: அக்கா, இன்று பௌர்ணமி. கயலிடம் பைனாகுலரைக் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். நிலாவின் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள் தெரியும். அதுதான் டைக்கோ என்ற பள்ளம், 85 கிலோமீட்டர் அகலம். சுமார் 11 கோடி வருடங்களுக்கு முன் ஒரு கல் மோதியது. அப்போது சிதறியதுதான் அந்தக் கோடுகள்.

கயல்: தெரிகிறது மாமா!! கோடு ரொம்ப தூரம் போகிறது. ஆனால் கல் சாய்வாகவும் வந்து விழும்தானே? பள்ளம் மட்டும் ஏன் எல்லாமே வட்டம்?

செந்தில் மாமா: அருமையான கேள்வி. பள்ளத்தைக் கல் தோண்டுவதில்லை கயல். நொடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மோதியதும் அந்த வேகமெல்லாம் வெப்பமாகவும் அதிர்ச்சி அலையாகவும் மாறி, கல்லே பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடும். தோண்டுவது அந்த வெடிப்புதான். அது எல்லாப் பக்கமும் பரவுவதால் வட்டம். மிகத் தாழ்ந்த கோணத்தில் உரசினால்தான் பள்ளம் நீளும்.

விஜி சித்தி: லோனார் எரிமலை வாய் என்று எங்கோ படித்த ஞாபகம்.

செந்தில் மாமா: வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். சுற்றிலும் தக்காணத்து எரிமலைப் பாறை அல்லவா. 1970களில் துளையிட்டு எடுத்த கற்களில் மாஸ்கெலினைட் கிடைத்தது. உருகாமல், அதிர்ச்சியின் அழுத்தத்திலேயே கண்ணாடியாக மாறிய கனிமம். எரிமலையால் அவ்வளவு அழுத்தம் தர முடியாது.

செந்தில் மாமா: நான் இந்த இடத்தை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணமும் அந்தப் பாறைதான். பாசால்ட். நிலாவில் கருமையாகத் தெரியும் பகுதிகளும் பாசால்ட்தான். பூமியில் பாசால்ட்டில் விழுந்து, கெடாமல் இருக்கும் பள்ளம் மிக அபூர்வம். அதனால்தான் நிலா, செவ்வாய்ப் பள்ளங்களை ஆராய்கிறவர்கள் லோனாருக்கு வருகிறார்கள்.

கயல்: நிலாவில் எங்கே பார்த்தாலும் பள்ளம். இங்கே மட்டும் ஏன் அபூர்வம்?

செந்தில் மாமா: இங்கேயும் விழுந்திருக்கிறது. மழை, ஆறு, நிலத்தட்டு நகர்வு எல்லாம் சேர்ந்து அழித்துவிட்டன. உறுதியானவை என்று உலகம் முழுக்க 200 அளவில்தான் இருக்கின்றன. நிலாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை.

அம்மா: பாட்டி கேட்கச் சொல்கிறார்கள், அங்கே கோயில் இருக்கிறதா?

செந்தில் மாமா: ஊருக்குள்ளேயே தைத்திய சூதன் கோயில் இருக்கிறது. விஷ்ணு அசுரனை வதம் செய்த தலம் என்பார்கள், சிற்பங்கள் பிரமாதம். ஏரிக்கரையிலும் பழைய கோயில்கள் உண்டு, ஆனால் அதற்குக் கீழே இறங்க வேண்டும்.

அம்மா: அப்படியென்றால் நானும் பாட்டியும் ஊர்க் கோயிலைப் பார்த்துவிட்டு, பள்ளத்தை மேலே கரையிலிருந்து பார்க்கிறோம். நீங்கள் இறங்குங்கள்.

கயல்: நான் இறங்குவேன்!

விஜி சித்தி: சரி, வண்டிக்காரரிடம் விடிகாலை 5 மணிக்கு வரச் சொல்கிறேன். வெயில் ஏறும் முன்பு போய்விடலாம்.