வீட்டில் சக்கரம் போட்டாயிற்று, மண் நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது

புதுமண்:
வீட்டில் மின்சாரச் சக்கரம் வைத்து வனையப் பழகிக்கொண்டிருக்கிறேன். கால் மிதியால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பாக்கெட்டில் வரும் தயார் களிமண்தான். ஒரு கிலோ உருண்டை வைத்தால் கை பட்டதுமே ஆடுகிறது. எப்படியோ நடுவுக்குக் கொண்டுவந்தாலும், சுவர் தூக்கும்போது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கடைசியில் கிழிந்துவிடுகிறது. கோளாறு மண்ணிலா, கையிலா? சூளையும் இல்லை, சமையலறை அவனில் சுட முடியுமா?

ஈரக்கை:
முதலில் எடையைக் குறையுங்கள். பழகுவதற்கு 500 கிராம் போதும்.

கோளாறு பெரும்பாலும் சக்கரத்துக்கு வருமுன்பே, பிசைவதில் இருக்கும். பாக்கெட் மண் வெளிப்பக்கம் இறுகியும் உள்ளே இளகியும் இருக்கும். அப்படியே வைத்தால் இறுகிய இடம் கையை வெளியே தள்ளும், இளகிய இடம் உள்ளே அமுங்கும். ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது. கம்பியால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை மற்றதன் மேல் ஓங்கி அறைந்து, திரும்பவும் அறுங்கள். அறுத்த முகத்தில் காற்றுக்குழியோ, நிறம் மாறிய பட்டையோ தெரியாமல் போகும் வரை இதைச் செய்ய வேண்டும். பதம் சரியாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்தியதும் சிரமமில்லாமல் பள்ளம் விழும், விரலில் ஒட்டாது.

உருண்டையின் அடி குவிந்திருக்கட்டும். தட்டையாக இருந்தால் காற்று சிக்கிக்கொள்ளும். சக்கரத்தின் தட்டில் தண்ணீர் நின்றால் மண் வழுக்கும், துடைத்துவிட்டு வையுங்கள். நடுவில் அறைந்து வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டு, அடிவிளிம்பைத் தட்டோடு அழுத்தி ஒட்டுங்கள். பிறகு நன்றாக வேகம் கூட்டுங்கள், நிமிடத்துக்கு 200 சுற்றாவது வேண்டும். சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றால், இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ ஊன்றிக்கொண்டு உள்ளங்கையின் அடிமேட்டால் பக்கவாட்டில் தள்ளுங்கள். வலது கை மேலிருந்து அழுத்தட்டும். பலம் தோளிலிருந்து வர வேண்டியதில்லை, உடம்பின் எடை சாய்ந்தால் போதும். மண் ஆடுகிறதே என்று கையும் கூடவே ஆடினால் அது ஒருநாளும் நடுவுக்கு வராது. கை அசையாமல் நிற்க, மண்தான் அதற்கு இணங்க வேண்டும்.

அப்படியே கூம்பாக மேலேற்றி, அமுக்கி இறக்குங்கள், இரண்டு மூன்று முறை. கையைப் படக்கென்று எடுக்காதீர்கள். நடுவுக்கு வந்த மண் பலருக்கு அந்த நொடியில்தான் திரும்ப விலகுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு ஊசியை அசையாமல் பிடித்து, சுற்றும் மண்ணில் லேசாகத் தொடவிடுங்கள். கோடு முழு வட்டமாக விழுந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கீறினால் அந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது.

வனைதட்டு:
சுவர் தடித்து மெலிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கை ஏறும் வேகம். நடுவுக்கு வந்த மண்ணில் விரலால் துளை போட்டு அகட்டியதும், சுவர் தூக்குவதற்குச் சக்கரத்தை நிமிடத்துக்கு 80 முதல் 100 சுற்று வரை இறக்குங்கள். தட்டு ஒரு முழுச்சுற்று வருவதற்குள் விரல் ஒரு விரலகலத்துக்கு மேல் ஏறக் கூடாது. அவசரமாக ஏறினால் விரல் சுவரின் எல்லாப் பக்கத்தையும் தொடாமல் திருகுபோலப் பள்ளம் விட்டுக்கொண்டே போகும்.

அழுத்தத்தை அடியில் தொடங்கி, மேலே போகப் போகத் தளர்த்துங்கள். அடியில் தடித்த வளையத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து இழுப்பதால்தான் மேல்பாதி கிழிகிறது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வாய்விளிம்பை விரலால் மெல்ல அமுக்குங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் உடனே ஒற்றி எடுங்கள், அடி ஊறினால் பாத்திரம் உட்கார்ந்துவிடும்.

அடியின் கனத்தை ஊசி குத்திப் பாருங்கள், 8 மில்லிமீட்டர் விடலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலை அழுத்தி ஓட்டுங்கள். இதைத் தவிர்த்தால் காயும்போது அடியில் வளைந்த விரிசல் ஓடும்.

வனைந்ததைக் கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுத்துப் பாருங்கள். சுவரின் குறுக்குவெட்டைப் போலக் குறையைக் காட்டித் தருவது வேறு எதுவும் இல்லை. ஆரம்பத்தில் எதையும் காப்பாற்றி வைக்காதீர்கள்.

சூளைவாசல்:
சமையலறை அவன் உதவாது. அது சுமார் 250 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் பெரும்பாலும் 450 முதல் 600 டிகிரிக்குள்தான் வெளியேறும். அதற்குக் கீழே சுட்டது தண்ணீரில் திரும்பவும் கரைந்துவிடும். பிறர் சூளையில் கட்டணம் கொடுத்துச் சுடுவது நல்லது, ஆனால் மண் வாங்குமுன் அந்தச் சூளை எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று கேளுங்கள். தாழ்ந்த சூட்டு மண்ணை 1200 டிகிரியில் வைத்தால் உருகி, சூளைத் தட்டையும் பாழாக்கிவிடும்.

காற்றுக்குழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்பார்கள். வெடிக்கவைப்பது காற்று அல்ல, காயாத மண்ணில் மிஞ்சிய ஈரம் நீராவியாவது. பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

வீட்டில் செய்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது தூசி. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் கெடும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவிய நீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் கொட்டுங்கள்.

புதுமண்:
நன்றி. அறுத்துத் தள்ளும் மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

ஈரக்கை:
சுடாத வரை எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் அரைகுறை ஈரத்தில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். முழுக்கக் காயவிட்டு, பிறகு மூழ்கும்படி தண்ணீர் விடுங்கள், தானே உதிர்ந்து கரையும். மேல்நீரை வடித்து, குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் பரப்புங்கள். அடிப்பக்கம் ஒட்டாமல் உரிந்து வரும்போது புரட்டிப் போட்டு, பதம் வந்ததும் பிசையலாம். பலகையைச் சுரண்ட மட்டும் வேண்டாம்; பிளாஸ்டர் துண்டு மண்ணில் கலந்தால், சுட்ட பிறகு அந்த இடம் பொரிந்து விழும்.