கிளமத் ஆற்றின் நான்கு அணைகளை எடுத்தது சரியா? அந்த வேலையில் பழங்குடிகள் உண்மையிலேயே சம பங்காளிகளா?

நீரோட்டம்:
கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்கள் வழியாக ஓடும் கிளமத் ஆற்றில் அயர்ன் கேட், காப்கோ 1, காப்கோ 2, ஜே.சி. பாயில் என்ற நான்கு அணைகளை 2023, 2024 இரண்டு வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். மின்சாரம் எடுத்த அணைகள் இவை; கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் சால்மன் மீனின் வழியை அடைத்து நின்றவை. வேறொரு திரியில் ஒருவர் "அரசாங்கம் மீனுக்காக மின்சாரத்தை விட்டுக்கொடுத்தது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இதை அரசாங்கம் ஆரம்பிக்கவில்லை. 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், யூரோக் பழங்குடி மக்கள் காலங்காலமாக வலை போடுகிற இடத்திலேயே, சுமார் 34,000 மீன்கள், பெரும்பாலும் சால்மன்கள், செத்து ஒதுங்கின. அதற்கப்புறம் ஆற்றோரப் பழங்குடிகள், அணைகளை அப்போது கையில் வைத்திருந்த நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்காக 2004ல் ஸ்காட்லாந்து வரைக்கும் போனார்கள். இருபது வருஷம் விடாமல் இழுத்து வந்தது அவர்கள்தான்.

மெட்ஃபோர்ட் சரவணன்:
நான் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன், அதனால் மறு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காப்கோ அணை தேக்கி வைத்திருந்த ஏரியின் கரையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய படகுத்துறை இப்போது காய்ந்த மண்ணில் நிற்கிறது, தண்ணீர் எங்கேயோ கீழே ஓடுகிறது. அந்தப் பகுதி இருக்கிற சிஸ்கியூ கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 2010ல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அணைகளை எடுக்க வேண்டாம் என்றார்கள். பங்காளி என்று பேசும்போது இந்த மக்களை ஏன் யாரும் சேர்ப்பதில்லை? இன்னொன்று, 2002ல் மீன்கள் செத்ததற்கு இந்த நான்கு அணைகள் நேரடிக் காரணம் இல்லை. மேலே பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள், ஆற்றில் நீர் குறைந்து சூடாகி, செவுளில் நோய் பிடித்தது. நீர்த்தேக்கத்தை வடித்தபோது 2024ல் விட்ட சுமார் 8.3 லட்சம் சால்மன் குஞ்சுகளும் செத்தன. 45 கோடி டாலர் செலவழித்து இதைச் செய்வதற்குப் பதில் மீன் ஏறிப்போக அணையோரம் ஏணி, அதாவது படிப்படியான நீர்வழி, கட்டியிருக்கலாமே?

மலர்விழி:
சரவணன் அண்ணா, 2002 பற்றி நீங்கள் சொன்னது சரி, உடனடிக் காரணம் தண்ணீர் குறைந்ததுதான். ஆனால் அணைகளுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று விட்டுவிட முடியாது. அயர்ன் கேட்டுக்குக் கீழே வெள்ளம் வந்து கூழாங்கற்களைப் புரட்டுவது நின்றுபோனதால், ஆற்றடியில் ஒரு சின்னப் புழு கூட்டங்கூட்டமாகக் குடியேறிவிட்டது. இளம் சால்மன்களைக் கொல்லும் ஒட்டுண்ணி ஒன்று அந்தப் புழுவின் உடலில்தான் வளர்கிறது. கோடையில் நீர்த்தேக்கங்களில் நச்சுப் பாசி வேறு.

ஏணிக்கு வருகிறேன். அணைகளை நடத்தும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஏணி மாதிரி மீன்வழி அமைத்தே தீரவேண்டும் என்று மத்திய மீன்வளத் துறைகள் 2007லேயே சொல்லிவிட்டன. அயர்ன் கேட் மட்டும் 173 அடி உயரம். எல்லா அணைகளுக்கும் மீன்வழி கட்டுகிற செலவைக் கணக்குப் போட்டால், அணைகளை எடுப்பதுதான் வாடிக்கையாளர்களுக்கு மலிவு என்று வந்தது. நான்கும் சேர்ந்து கொடுத்த மின்சாரம் அவற்றை நடத்திய மின் நிறுவனத்தின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதம்கூட இல்லை. பாசனத்துக்கும் இவற்றிலிருந்து தண்ணீர் போகவில்லை. குஞ்சுகள் செத்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அயர்ன் கேட் அணை இன்னும் நின்றுகொண்டிருந்தபோது அதன் நீர் வெளியேறும் சுரங்கத்துக்குள் புகுந்து வந்ததில், நீரில் காற்று அளவுக்கு மீறிக் கரைந்து, உடம்பில் குமிழ் பிடித்துச் செத்தவை அவை. அணைக்கு மேலே விடாமல் கீழே விட்டிருந்தால் அந்தச் சாவு நடந்திருக்காது.

கோபி:
அணையை எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். "பழங்குடிகள்" என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் உறுத்துகிறது. ஹூப்பா பள்ளத்தாக்குப் பழங்குடியினர் அணைகளை எடுப்பதற்கான 2010 ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டி உரிம விசாரணையை இழுத்தடிக்கிறார்கள் என்று வழக்குப் போட்டு 2019ல் ஜெயித்தார்கள். ஷாஸ்டா இந்தியன் நேஷன் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் ஊர்கள் காப்கோ தண்ணீருக்கு அடியில் போயின. அவர்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரமே கிடையாது. சுமார் 2,800 ஏக்கரைத் திருப்பித் தருவதாக கலிபோர்னியா அறிவித்தது 2024 ஜூனில்தான். நிலத்தை இழந்தவர்கள் கடைசியில்தான் மேசைக்கு வந்தார்கள் என்றால் அதைப் பங்காளித்தனம் என்று எப்படிச் சொல்வது?

நீரோட்டம்:
கோபி, ஹூப்பா விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டும், விட்டது தப்பு. ஷாஸ்டா மக்களுக்கு நடந்தது அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன். இருந்தாலும் அணைகளை எடுக்க அமைத்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை யூரோக், கரூக் இரண்டு பழங்குடிகளுக்கும் இருந்தது. கருத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிற வழக்கத்திலிருந்து இது வெகு தூரம்.

விதை வேலையைப் பாருங்கள். அணை உடைவதற்குப் பல வருஷம் முன்பே யூரோக் குழுவினர் ஆற்றோரச் சரிவுகளில் ஏறி, அந்த மண்ணுக்கே உரிய புல், பூச்செடி, மர விதைகளைக் கையாலேயே உருவிச் சேர்த்தார்கள். அதை நாற்றங்கால்களில் பெருக்கி ஆயிரம் கோடிக்கும் மேல் விதையாக்கினார்கள். 2024 ஜனவரியில் நீர் இறங்க இறங்க, சேறு காய்ந்து வெடிப்பதற்குள் ஈரத்தோடு தூவினார்கள், ஏனென்றால் ஒரு முறை வெயில் அடித்து மேலே பொருக்குக் கட்டிவிட்டால் எந்த விதையும் பிடிக்காது, அப்புறம் களைதான் முந்திக்கொள்ளும். 2,000 ஏக்கருக்கு மேல் இப்படி. நாள் கூலிக்கு வந்து போகிறவர்களால் இதைச் செய்ய முடியாது.

மெட்ஃபோர்ட் சரவணன்:
விதை வேலையை நானும் போய்ப் பார்த்தேன், வசந்தத்தில் சரிவு முழுக்கப் பூத்திருந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. 2024 அக்டோபரில் ஜே.சி. பாயில் இருந்த இடத்தையும் தாண்டி ஓரிகனுக்குள் சினூக் சால்மன் வந்தது, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. 2025ல் அவை அதற்கும் மேலே, இன்னும் நிற்கிற கீனோ அணையின் ஏணியில் ஏறி அப்பர் கிளமத் ஏரிக்கே போய்விட்டன. ஏணி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

மலர்விழி:
செய்கிறது, கீனோ மாதிரி உயரம் குறைந்த அணையில். அதையே 173 அடிக்கு அளவுகோலாக வைக்க முடியாது அண்ணா. ஏணியில் ஏறிய மீன் அதற்கப்புறம் பாசி படர்ந்த சுடுநீரில் மைல் கணக்கில் நீந்த வேண்டும், அதன் குஞ்சு அதே வழியில் திரும்பி இறங்கவும் வேண்டும்.

நான் வாஷிங்டன் மாநிலத்தில் சாலைப் பாலம் வேலையில் இருக்கிறேன். சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் ஒரு கல்வெர்ட் குழாயின் வாய் ஓடைக்கு மேலே முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோஹோ சால்மன் திரும்பத் திரும்பக் குதித்துக் குழாய் விளிம்பில் முட்டி விழுந்ததை நின்று பார்த்திருக்கிறேன். அங்கே மீன் பிடிக்கும் உரிமையை 1850களின் ஒப்பந்தங்கள் கொடுத்திருந்தன. பிடிக்க மீன் இல்லாவிட்டால் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்று, இந்த மாதிரிக் குழாய்களை எதிர்த்து 21 பழங்குடிகள் 2001ல் வழக்குப் போட்டார்கள். 2018ல் உச்ச நீதிமன்றம் 4க்கு 4 என்று பிரிந்ததால் அவர்களுக்குச் சாதகமான கீழ்த் தீர்ப்பு நின்றது. எங்கள் வேலையில் குழாயை எடுத்துவிட்டுப் பாலம் போட்டபோது, வெள்ளத்தில் ஓடை எவ்வளவு அகலும் என்று சரியாகச் சொன்னவர் அந்தப் பழங்குடியின் சொந்த மீன்வளத் துறையைச் சேர்ந்தவர். எங்கள் வரைபடத்தில் பாலம் குறுகலாக இருந்தது, மாற்றினோம்.

மெட்ஃபோர்ட் சரவணன்:
ஏணி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அயர்ன் கேட் உயரத்தை நான் யோசிக்கவில்லை. ஏரிக்கரைக் குடும்பங்கள் விஷயத்தில் மாறமாட்டேன். கோபி ஷாஸ்டா மக்களுக்குக் கேட்ட அதே கேள்விதான் அவர்களுக்கும்.