பெயர் வரிசையைத் தள்ளினால் டேபே மாறிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சித்தப்பாவின் மளிகைக் கடைக்காக ஆண்ட்ராய்டில் ஒரு கணக்கு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன், கோட்லின் நிரல்மொழியில். வரவு, கடன், செலவு என்று மூன்று டேப். பக்கங்களைத் தள்ளி மாற்ற உதவும் வியூபேஜர்2-ஐயும், மேலே டேப் பெயர்களைக் காட்டும் டேப்லேஅவுட்டையும் டேப்லேஅவுட்மீடியேட்டர் வைத்து இணைத்தாயிற்று. விரலால் தள்ளினால் பக்கம் மாறுகிறது, மேலே இருக்கும் கோடும் கூடவே நகர்கிறது. அதுவரை சந்தோஷம்.

தலைவலி கடன் டேபில்தான். அங்கே மேலும் கீழும் ஓடும் ஒரு ரீசைக்ளர்வியூ (நகரும் பட்டியலைக் காட்டும் பாகம்). அதன் முதல் வரியில், வாடிக்கையாளர் பெயர்கள் பக்கவாட்டில் நகரும் இன்னொரு ரீசைக்ளர்வியூ. மெதுவாகத் தள்ளினால் பெயர்கள் ஒழுங்காக நகர்கின்றன. கொஞ்சம் வேகமாகவோ சாய்வாகவோ தள்ளினால் செலவு டேபுக்குத் தாவிவிடுகிறது. சித்தப்பா தள்ளுவது எப்போதும் வேகமாகத்தான், அதுவும் எண்ணெய்க் கையோடு!

முதலில் வியூபேஜர்2-இல் விரலால் தள்ளுவதை அனுமதிக்கும் யூசர்இன்புட்எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கினேன். தாவல் நின்றது, ஆனால் எந்த டேபிலும் தள்ளவே முடியவில்லை. அப்புறம் விரல் பட்டதும், வெளி அடுக்குகள் தொடுதலைப் பறிக்காமல் தடுக்கும் ரிக்வெஸ்ட்டிஸ்அலோஇன்டர்செப்ட்டச்ஈவென்ட் கூப்பிட்டுப் பார்த்தேன். வரிசை நன்றாக நகர்கிறது. ஆனால் கடைசிப் பெயருக்கு வந்த பிறகும் பக்கம் மாறுவதில்லை, அந்த வரியில் விரல் வைத்துப் பட்டியலை மேலே தள்ளவும் முடியவில்லை.

வியூபேஜர்2-க்குள் நகரும் வரிசையைச் சுற்றிப் போடுவதற்காகக் கூகுள் மாதிரி நிரலில் உள்ள நெஸ்டட்ஸ்க்ரோலபிள்ஹோஸ்ட்டையும் பார்த்தேன். இப்படி மூன்று அடுக்கு இருந்தால் அதற்கு வரம்பு உண்டு என்று அதன் குறிப்பிலேயே போட்டிருக்கிறது.

இதே அமைப்பைச் செய்து முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெயர் வரிசையைப் பட்டியலுக்கு வெளியே எடுத்து, திரையின் மேல்பட்டையான ஆப்பார்லேஅவுட்டுக்குள் வைப்பதுதான் வழியா, இல்லை பக்கவாட்டில் இன்னும் நகர முடியுமா என்று சொல்லும் கேன்ஸ்க்ரோல்ஹாரிசான்டலியைச் சோதித்து நானே தொடுதலைக் கையாள வேண்டுமா? வியூபேஜர்2 பதிப்பு 1.0.0.