ஆம்பூர்: குரோம் ரெக்கவரி யூனிட்டை மறுபடி ஓட்டலாமா, கசடை விற்றுவிடலாமா?

டிரம்வாசல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசராகப் புதுசாகச் சேர்ந்திருக்கிறேன். ஆட்டுத்தோல், வெட் புளூ (குரோமில் பதனிட்ட நீல ஈரத்தோல்) வரைக்கும். பின்பக்கம் ஒரு குரோம் ரெக்கவரி யூனிட் (பதனிட்டு மிஞ்சிய தண்ணியிலிருந்து குரோமை மீட்பது) இருக்கிறது: இரண்டு தொட்டி, ஒரு கலக்கி, ஆசிட் டேங்க். ரொம்ப வருஷமாக ஓடவில்லை. குரோம் தண்ணி மற்ற தண்ணியோடு ஒரே வாய்க்காலில் போகிறது. உலர்த்தும் மேடை பக்கத்தில், தண்ணியைச் சுத்திகரித்து மிஞ்சிய கசடு மூட்டை மூட்டையாக நிற்கிறது.

முதலாளியிடம் இரண்டு பேர் வந்து பேசியிருக்கிறார்கள். ஒருவர், "கசடை நான் எடுத்துக்கறேன், செங்கல் சூளை மண்ணில் கலந்துடலாம்" என்கிறார். இன்னொருவர், கசடிலேயே ஆசிட் விட்டு குரோமைப் பிரித்துத் தருவதாகச் சொல்கிறார். யூனிட்டை நானே ஓட்டினால் கட்டுப்படியாகுமா, இல்லை இவர்களில் ஒருவரிடம் விடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை குரோம் ரெக்கவரி வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உரித்துச் சுண்ணாம்பு போட்ட தோல் ஒரு டன் என்று வையுங்கள். 8 சதவீதம் குரோம் பவுடர் (தோலைப் பதனிடும் குரோமியம் உப்பு) போட்டால் 80 கிலோ. பவுடரில் குரோமியம் ஆக்சைடு 25 சதவீதம், ஆக 20 கிலோ. சாதாரண முறையில் தோல் அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பிடிக்கும். மிச்சம் ஆறரைக் கிலோ ஆக்சைடு, பவுடர் கணக்கில் 26 கிலோ, தோலைச் சுழற்றும் டிரம் கதவைத் திறந்ததும் வாய்க்காலுக்குப் போகிறது. உங்கள் ஷாப்பில் வாரத்துக்கு எத்தனை டன் ஓடுகிறதோ பெருக்கி, இன்றைய பவுடர் விலையைப் போட்டு ஒரு தாளில் முதலாளியிடம் கொடுங்கள். யூனிட் கட்டுப்படியாகுமா என்பதற்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

வேலை கடினமில்லை. சென்னை அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) இந்த முறையை நம் ஷாப்புகளுக்கு ஏற்றபடி செய்து கொடுத்தது. குரோம் தண்ணியை மட்டும் தனியாகப் பிடித்து, சல்லடையில் முடி, சதைத்துணுக்கு, கொழுப்பு எல்லாம் எடுத்துவிடுங்கள். மெக்னீசியம் ஆக்சைடைத் தண்ணியில் கூழாகக் கலந்து, கலக்கி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பிஎச் (அமில-கார அளவு) 8-லிருந்து 8.5-க்குள் நிற்க வேண்டும். அது மெதுவாகக் கரையும் சரக்கு, அதனால் இரண்டு மூன்று மணி நேரம் கலக்க வேண்டும். இரவு விட்டால் காலையில் குரோம் பச்சையாக அடியில் படிந்திருக்கும். மேல் தண்ணி நிறமில்லாமல் இருக்க வேண்டும். பச்சை சாயல் தெரிந்தால் பிஎச் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். மேல் தண்ணியை வடித்துவிட்டு, அடிப்படிவில் சல்ஃப்யூரிக் ஆசிட்டை மெதுவாக விட்டு பிஎச் 2.5 – 2.8-க்குக் கொண்டுவந்தால் மறுபடி குரோம் கரைசல். அது திரும்ப டிரம்முக்குப் போகலாம்.

காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ போட்டால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். காஸ்டிக்கில் படிவு ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று நிற்கும், சீக்கிரம் இறங்காது. கொஞ்சம் கூடிப்போனால் குரோம் மறுபடி கரையவும் செய்யும். சுண்ணாம்பில் ஜிப்சமும் சேர்ந்து படிந்து, ஆசிட் விட்டபிறகும் கரையாமல் அடைக்கும். மெக்னீசியம் ஆக்சைடில் படிவு இறுக்கமாக, கொஞ்ச இடத்தில் உட்காரும். விலை கூடினாலும் அதுதான் சரி. கணக்குப்படி ஒரு கிலோ குரோமியத்துக்கு 1.2 கிலோ கிட்ட வேண்டும். தண்ணியிலிருக்கும் ஆசிட்டுக்காக இன்னும் கொஞ்சம்.

சாமிங் மெஷின் ஈரத்தோலிலிருந்து பிழிகிற தண்ணியையும் இந்தத் தொட்டிக்கே திருப்புங்கள். நிறைய ஷாப்புகளில் அதை மறந்துவிடுகிறார்கள், அதிலும் நல்ல குரோம் இருக்கிறது. ரீடேனிங் (மறுபடி பதனிடும்) தண்ணி வேண்டாம், அது நீர்த்தது, சாயமும் சேர்ந்திருக்கும்.

இப்போது மிக முக்கியமானது. தனி வாய்க்கால் இல்லாமல் யூனிட்டைத் தொடவே தொடாதீர்கள். முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணியில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது, குரோம் தண்ணி ஆசிட். இரண்டும் ஒரே குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அடர்த்தி கூடினால் மூக்கு அந்த நாற்றத்தைக்கூட உணராது. குழிக்குள் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகள் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. இப்போது உங்களுடையது ஒரே வாய்க்கால் என்கிறீர்கள். ரெக்கவரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை நாளைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

செங்கல் சூளைக்குக் கண்டிப்பாக வேண்டாம். தோல் கசடில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். காற்றோட்டத்தில், சுண்ணாம்போடு சேர்த்துச் சுட்டால் அது ஆறு இணைதிறனாக மாறும். அது தண்ணியில் கரையும், புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் விட்டுப்போன குவியலைப் பார்த்திருக்கிறீர்களா? குரோமைட் தாதுவைக் காரத்தோடு சேர்த்துக் காற்றில் வறுத்த மிச்சம் அது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். கம்பெனி 1990களின் நடுவில் மூடியது. மூடிய பிறகும் பல வருஷம், மழை பெய்தால் மஞ்சள் தண்ணி கசிந்தது. சூளையில் நடக்கப்போவதும் கிட்டத்தட்ட அதே வேதியியல்தான்.

நொய்யல்ஓரம் எழுதியது:

நான் திருப்பூர், சாயப்பட்டறை பக்கம். குரோம் பற்றித் தெரியாது, ஆனால் பாலாற்றங்கரை அண்ணன் சொல்வதில் ஒன்றை எங்கள் ஊரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எங்கள் பட்டறைகளை மூடச் சொன்னபோது எல்லாரும் தண்ணியைத் திரும்ப எடுப்பது பற்றியே பேசினோம். தண்ணி வந்துவிட்டது, ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் போட்டாச்சு. கடைசியில் நின்றது உப்பு. ஒரு பட்டறை சாதா உப்பில் சாயம் போடும், இன்னொன்று சோடியம் சல்ஃபேட்டில். இரண்டும் கலந்து வந்த உப்பை யாரும் வாங்கவில்லை, இன்னும் கொட்டகைகளில் கிடக்கிறது. எல்லாரும் சல்ஃபேட்டுக்கு மாறிய இடங்களில் கதை வேறு. 32 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கக் குளிர்விக்க அது வேகமாகப் படிகமாகும். அந்த உப்பு அதே பட்டறைக்குத் திரும்பப் போகிறது, மிஞ்சும் பிரைன் என்ற உப்புக் கரைசலையும் அப்படியே சாயத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

கலந்த பிறகு பிரிக்கப் பணம் கொட்ட வேண்டும். கலக்காமல் விட்டால் அது சரக்கு.

பென்சீன்வளையம் எழுதியது:

எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி. அந்த இரண்டாவது ஆள் சொல்வதும் முற்றிலும் பொய் இல்லையே? கசடைக் காரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்தால் குரோம் மட்டும் குரோமேட்டாகக் கரைந்து வரும், இரும்பு அடியிலேயே நின்றுவிடும். எங்கள் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறோம். பழைய மூட்டைகளுக்கு அது பயன்படாதா?

டிரம்வாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாய்க்கால் விஷயத்தை முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் மேஸ்திரி, "ரெக்கவரி குரோம் போட்டா தோல்ல கறை விழும், அதனாலதான் நிறுத்தினோம்" என்கிறார். அப்புறம், மூட்டைகளை என்னதான் செய்வது?

பாலாற்றங்கரை எழுதியது:

திருப்பூர் தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

பெண்ணே, நீங்கள் சொல்லும் வேதியியல் சரி. ஆனால் அந்த முறையில் நாம் வேண்டுமென்றே ஆறு இணைதிறன் குரோமியத்தை உண்டாக்குகிறோம். அப்புறம் அதை முழுசாக மூன்றாகக் குறைக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில், புகைபோக்கிக்குக் கீழே செய்வது வேறு. டன் கணக்கில், கையுறை ஒழுங்காகக் கிடைக்காத கூலியாட்களை வைத்துச் செய்வது வேறு. இரண்டாவது ஆள் சொல்லும் ஆசிட் முறையில் வேறு சிக்கல். சுத்திகரிப்பில் போட்ட படிகாரம், சுண்ணாம்பு, மண்ணிலிருந்து வந்த இரும்பு எல்லாம் குரோமோடு சேர்ந்து கரையும். அந்தக் கரைசலை எந்த டிரம்மிலும் விட முடியாது. கசடில் குரோம் சதவீதமும் சின்னது. ஆசிட் செலவுக்கே காணாது.

மேஸ்திரி சொல்லும் கறை உண்மையானது. அது குரோமினால் வருவதில்லை, அதோடு சேர்ந்த கொழுப்பும் புரதமும்தான் காரணம். ஆட்டுத்தோலில் கொழுப்பு ஜாஸ்தி, ஆகவே தொட்டி மேலே மிதப்பதை வழித்தெடுத்த பிறகுதான் மெக்னீசியம் ஆக்சைடு போட வேண்டும். கரைத்த குரோமைத் துணியில் வடிகட்டுங்கள். 30 பங்கு மீட்டது, 70 பங்கு புதுசு என்று கலந்து, கறுப்பு, பிரவுன் போகும் லாட்டில் ஆரம்பியுங்கள். வெளிர் நிறச் சரக்கில் புதுசையே போடுங்கள். மேஸ்திரியைக் கூடவே வைத்துச் செய்யுங்கள், அவர் கண் உங்களுக்கு வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பிக்கிளில் (குரோமுக்கு முன் தோலை உப்பிலும் ஆசிட்டிலும் ஊறவைப்பதில்) போட்ட உப்பு அந்த மேல் தண்ணியிலேயே இருக்கும். ரெக்கவரி டி.டி.எஸ்.-ஐ (தண்ணியில் கரைந்திருக்கும் உப்பின் அளவை) குறைக்காது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். சி.எல்.ஆர்.ஐ.-யின் பிக்கிள் இல்லாத, தண்ணியில்லாத குரோம் முறையை விசாரித்துப் பாருங்கள்.

மூட்டைகள்: அது 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாத யாரிடமும் ஒரு மூட்டைகூடக் கைமாறக் கூடாது, பணம் கொடுத்தாலும். வாரியத்துக்கு எழுதி, மேனிஃபெஸ்ட் (கழிவு எடுத்துச்செல்லும் ஆவணம்) போட்டு, கும்மிடிப்பூண்டி மாதிரி பாதுகாப்பான நிலநிரப்புக்கு அனுப்புங்கள். செலவாகும். அதுவரை கூரைக்குக் கீழே, காங்கிரீட் தளத்தில் வையுங்கள். உயரமாக அடுக்காதீர்கள், பக்கத்தில் யாரும் படுக்கக் கூடாது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். கசடு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள்தான்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு வேலை. கலக்கியின் இலையையும் தொட்டியின் உள்பூச்சையும் பாருங்கள், பல வருஷம் சும்மா நின்றதில் ஆசிட் டேங்க் பூச்சு விட்டிருக்கும். மெக்னீசியம் ஆக்சைடை ஒரு மாதத்துக்குத் தேவையானது மட்டும் வாங்குங்கள். பிரித்த மூட்டை ஈரத்தையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் இழுத்துச் சோம்பிவிடும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் பிஎச் சரியாக ஏறாது.