வெள்ளை லென்ஸ்: பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும்

தொடங்கியவன்

போன வாரம் ஒரு விளையாட்டு மைதான வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். பையில் இரண்டு கேமரா லென்ஸ் (எண்கள் மி.மீ.; எண் பெரிதாக ஆகத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்): கறுப்பு 150-600, அதில் பாதி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வெள்ளை 70-200. காவலர் கறுப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். வெள்ளையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "இது புரொஃபஷனல் ஆளுங்க வச்சிருக்கறது சார், உள்ளே விட முடியாது" என்றார். 600 வரை இழுக்கிற லென்ஸ் போகலாம், 200-ல் நின்றுவிடுகிறது போகக்கூடாது! வாதாடவில்லை. வெள்ளையைக் காரில் பூட்டிவிட்டுக் கறுப்போடு போய், வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கதையைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அது ஏன்ப்பா வெள்ளையா இருக்கு?" வெயில் சூட்டுக்காக என்றேன். "அப்போ கறுப்பு லென்ஸுக்கு மட்டும் சுடாதா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளை லென்ஸால் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் அதையும் சேர்த்துச் சொன்னால் நான் வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பேன்.

கழற்றிப்பார்ப்பவன்

லென்ஸ்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. கறுப்பும் சுடும், வெள்ளையைவிட அதிகமாகவே சுடும். ஆனால் சின்ன லென்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். 40 செ.மீ. குழாய் 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.18 மி.மீ. கூடிவிடும். பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள முழுச் சட்ட கேமராவில், லென்ஸின் வாயை எஃப்/2.8 அளவுக்கு அகலத் திறந்து எடுக்கும்போது, சென்சார் இருக்கும் இடத்தில் படம் கூர்மையாக விழுகிற இடைவெளி முன்னும் பின்னும் சேர்த்தே 0.17 மி.மீ. அளவுதான். 5 செ.மீ. லென்ஸில் அதே சூட்டுக்கு 0.02 மி.மீ. கூடுகிறது, யார் கவனிக்கப் போகிறார்கள்? (வடிவமைப்பவர்கள் ஒன்றின் நீட்சியை இன்னொன்றால் ஈடுகட்டுவார்கள். இது அளவு மனதில் பதிவதற்காகச் சொன்ன கணக்கு.)

அடுத்தது ஃப்ளோரைட். கண்ணாடி இல்லை, கால்சியம் ஃப்ளோரைடு படிகம். ஒளியை நிறநிறமாகப் பிரிக்கும் குணம் அதற்கு மிகக் குறைவு. அதனால் நீண்ட லென்ஸில் கிளை ஓரங்களில் வருகிற ஊதாக் கோடு அடங்கிவிடும். லென்ஸுக்கு ஆகிற அளவில் பழுதில்லாத படிகம் மண்ணில் கிடைப்பது அரிது என்பதால், கேனான் அதை உலையில் வளர்த்து 1969-ல் எஃப்எல்-எஃப் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் போட்டது. ஆனால் இந்தப் படிகம் சூட்டில் விரிவது, சாதாரண லென்ஸ் கண்ணாடியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். போதாததற்கு, சூடேற ஏற ஒளியை வளைக்கும் திறனும் குறையும். குழாய் நீளம், உள்ளே இப்படி ஒரு ரோஷக்காரப் படிகம், அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற மனிதர். மூன்றும் சேர்ந்துதான் வெள்ளைப் பூச்சு வந்தது.

ஒருவர் தன் வெள்ளை லென்ஸைக் கொடுத்துவிட்டு, வேலை நடக்கும்போது எட்டிப் பார்த்தார். "உள்ளே இவ்வளவு கறுப்பா?" என்று பதறிவிட்டார், நான்தான் பூசிவிட்டேன் என்பதுபோல. எல்லா லென்ஸும் உள்ளே கறுப்புதான். சிதறி வரும் ஒளியை அது விழுங்க வேண்டும். லென்ஸ் முனையில் வெளிச்சம் மறைக்க மாட்டுகிற ஹூடையே எடுத்துப் பாருங்கள், வெளியே வெள்ளை, உள்பக்கம் கரி.

நிலாக்கிறுக்கு

எனக்கு நேர்ந்தது இதோடு ஒட்டியது. இரவல் வாங்கிய 400 மி.மீ. வெள்ளை லென்ஸ், வானத்தில் முழு நிலா. இன்ஃபினிட்டிக்கு (எல்லையில்லாத் தூரத்துக்கான குறி) அப்பால் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்து, ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் படமாக எடுத்துத் தள்ளினேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அத்தனையும் இட்லி. லென்ஸ் கெட்டுவிட்டது என்று கொடுத்தவரிடமே போய்ச் சண்டை. அவர் சிரித்துவிட்டு, இவ்வகை லென்ஸ்களில் வளையம் இன்ஃபினிட்டி குறியைத் தாண்டியும் சுற்றும் என்றார். சூட்டிலும் குளிரிலும் ஃபோகஸ் விழும் இடம் நகர்வதால் வேண்டுமென்றே விட்டுவைத்த இடமாம். அன்றிலிருந்து நிலாவின் பள்ளங்களைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கண்ணால் பார்த்துத்தான் ஃபோகஸ்.

நாணலோரம்

பறவை எடுக்கிறவன் நான். வெள்ளை லென்ஸ் வாங்கிய முதல் வாரமே அதற்கு ஒரு சட்டை வாங்கினேன்: இலைதழை அச்சிட்ட உறை. சூடேறக் கூடாது என்று வெள்ளை பூசி விற்கிறார்கள், நாம் காசு கொடுத்து அதை இருட்டுத் துணியால் மூடுகிறோம். முதலில் எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் உறை நல்ல தடித்த நியோப்ரீன். உள்ளே காற்றுக் குமிழிகள் இருப்பதால் மேல்பக்கம் சுட்டாலும் சூடு மெல்லத்தான் இறங்கும். மெல்லிய துணி சுற்றுவதாக இருந்தால் நான் சுற்றமாட்டேன்.

பறவை வெள்ளையைக் கண்டு பறக்கிறதா? என் அனுபவத்தில், நிறத்தைவிட அசைவுதான் காரியத்தைக் கெடுக்கிறது. உறை போடாத நாளில் மீன்கொத்தி ஒன்று ஏழெட்டு மீட்டரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸை ஒரு விரற்கடை திருப்பினேன், போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் நான் ஒரு முழுக் காலையைத் தொலைத்தேன். ஏசி போட்ட காரிலிருந்து லென்ஸை இறக்கி நேரே வெயிலில் வைத்து எடுத்தேன். ஒன்றுகூடக் கூர்மையில்லை. ஆட்டோஃபோகஸ் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டு, ஹூடைக் கழற்றி எடுத்தால் பளிச்சென்று வருகிறது. குளிர்ந்த லென்ஸும் சூடான காற்றும் அந்த நீள ஹூடுக்குள் கலந்து, கானல் போல நெளிந்திருக்கிறது. எதிரே சுடுகிற தரையும் தண்ணீரும் இருந்தால் காற்றே நெளியும். அதற்கு லென்ஸ் எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான், வெயில் ஏறிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கறுப்புக்கட்சி

எல்லாம் சரி, ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நிக்கான் 2013-ல் விட்ட 800 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் ஃப்ளோரைட் இருக்கிறது. நிறம்? கறுப்பு. நான் நிக்கான்காரன், வெயிலில் வருடக்கணக்காகக் கறுப்பைத்தான் சுமக்கிறேன், படம் வராமல் போனதில்லை. தொட்டால் கை சுடும், ஒப்புக்கொள்கிறேன். (வெளிர்சாம்பல் நிறத்திலும் அவர்கள் சில லென்ஸ்களை ஒரு காலத்தில் விற்றார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.)

மறுபக்கமும் பாருங்கள். தொடங்கியவர் வைத்திருப்பது கேனானின் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 முதல் பதிப்பாக இருந்தால், அதில் ஃப்ளோரைட்டே கிடையாது. ஆனாலும் வெள்ளை. அதே கேனான் 2020-ல் விட்ட 600 எஃப்/11, 800 எஃப்/11 இரண்டும் நீள லென்ஸ்கள்தான், ஆனால் விலை குறைவு, நிறம் கறுப்பு. 2024-ல் வந்த 70-200 இசட் லென்ஸையோ கறுப்பு, வெள்ளை இரண்டிலும் கொடுத்தார்கள். கண்ணாடி ஒன்றுதான். சூடு மட்டுமே காரணமென்றால் கறுப்பில் கொடுப்பார்களா? ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தயக் கோட்டுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை எங்கே கிடைக்கும்?

கழற்றிப்பார்ப்பவன்

விளம்பரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறும் விளம்பரம் என்றால் பூச்சுக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். 2018-ல் வந்த கேனான் 400 எஃப்/2.8, 600 எஃப்/4 மூன்றாம் பதிப்புகளில் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியனுப்பும் புதுப் பூச்சு போட்டார்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்தால் வெள்ளையிலேயே வித்தியாசம் தெரியும். மினோல்டாவும் தன் பெரிய லென்ஸ்களை வெள்ளையாகத்தான் செய்தது, 2006-ல் அந்தத் தொழிலை வாங்கிய சோனியும் விடவில்லை. ஒலிம்பஸின் 150-400 கூட வெள்ளைதான். உங்களுடைய கறுப்பு ஏன் தாக்குப்பிடிக்கிறது என்றால், ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிப் பிடிக்கிறது. குழாய் கொஞ்சம் நீண்டாலும் அது சரிசெய்துகொள்ளும். 1970-களில் கையால் திருகிக்கொண்டிருந்தவருக்கு அந்த வசதி இல்லை.

குழாய்க்கண்

தொலைநோக்கிக்காரன் நான். எங்கள் குழாய்களும் பெரும்பாலும் வெள்ளைதான். வெள்ளை என்பதால் இரவில் பனி பிடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, கண்ணாடியை மெல்லச் சூடாக்கி ஈரம் படியாமல் காக்கிற பனித்தடுப்புப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். நள்ளிரவுக்குள் கண்ணாடி முழுக்க ஈரம். சூரிய ஒளியைத்தான் வெள்ளை திருப்பியனுப்பும். இரவில் வானத்துக்குச் சூட்டை இழப்பதில் வெள்ளைப் பெயின்டும் கறுப்புப் பெயின்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்கியவன்

கறுப்புக்கட்சி சொன்னது சரி, என்னுடையது அந்த முதல் பதிப்புதான். ஃப்ளோரைட் இல்லாத லென்ஸுக்காகத்தான் வாசலில் நின்றிருக்கிறேன்!

மகளிடம் 0.18 கணக்கைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு உள்ளே போய், வெள்ளை லென்ஸ் மாதிரியே செய்த ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறந்தநாளுக்கு யாரோ எனக்குக் கொடுத்தது. "அடுத்த மேட்ச்சுக்கு இதை எடுத்துட்டுப் போங்க, என்ன செய்யறாங்கன்னு பாக்கலாம்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.