சேமலாப நிதியில் ஒரு டொலர்கூட இல்லையா?

உவர்மலை வாசி:
"ஊழியர் சேமலாப நிதியில் ஒரு டொலர்கூட இல்லை, ஆகவே உலகமயமாதல் நம் ஓய்வுகாலக் காசைத் தொடவே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. இலங்கையில் தனியார் ஊழியர் ஓய்வுகாலத்துக்குக் கட்டாயமாகச் சேமிக்கிற நிதி அது. 31 வருசம் தனியாரிடம் வேலை செய்தேன். மாதா மாதம் என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போட்டது 12 வீதம். 2021இல் கைக்கு வந்தது 38 இலட்சம். அப்போது டொலர் 200 ரூபாய், ஆக 19,000 டொலர். 2022 மே மாதம் டொலர் 360. அதே காசு 10,500 சொச்சம். தொடவில்லையாம்!

பாலையூற்றான்:
எழுதியது நான்தான் ஐயா. மாற்றிச் சொல்ல மாட்டேன். நிதியின் 90 வீதத்துக்கு மேல் அரசாங்கக் கடன் பத்திரங்களில் இருக்கிறது, எல்லாம் ரூபாய். 2022இல் நம்மைக் கவிழ்த்தது 2019 வரிக்குறைப்பும் அச்சடித்த காசும். அதற்கு உலகம் என்ன செய்யும்? நீங்கள் டொலர் கொடுத்தா அரிசி வாங்குகிறீர்கள்?

உவர்மலை வாசி:
அரிசியை விடும். பாண்? திருகோணமலைச் சீனன்குடாவின் கோதுமை மாவாலைக்குக் கப்பல் வருவதைக் கண்ணால் பார்க்கிற ஊர் இது. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. என் பிரஷர் குளிசை, காஸ், பால்மா எல்லாம் கப்பலில்தான் வருகின்றன. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 வீதமளவில். அந்த வருசம் நிதி கொடுத்த வட்டி 9. டொலர் 200இலிருந்து 360. இதற்குப் பதில் சொல்லும்.

கன்னியா மாஸ்டர்:
முதலில் உலகமயமாதல் என்றால் என்னவென்று இரண்டு பேரும் சொல்லுங்கள். அப்புறம் சண்டை பிடிக்கலாம். என்னைக் கேட்டால் நிலாவெளிப் பக்கம் காணி வாங்கியிருக்க வேண்டும்.

பாலையூற்றான்:
மாஸ்டர், உங்களுக்குச் சாகும்வரை அரசாங்க ஓய்வூதியம். எங்களுக்கு ஒரே தடவை ஒரு காசோலை. நீங்கள் இதில் புத்தி சொல்ல வேண்டாம்.

கன்னியா மாஸ்டர்:
35 வருசம் படிப்பித்து வாங்கும் காசு. போன மாதம் காணி விலை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் மரியாதை இல்லாமல் எழுதினீர். நான் மறக்கவில்லை.

ஸ்காபரோ திருமலையான்:
கனடா ஓய்வூதியத் திட்டத்தின் பெரும்பகுதி முதலீடு கனடாவுக்கு வெளியே. நோர்வேயின் ஓய்வூதிய நிதி முழுவதும் நோர்வேக்கு வெளியே. உள்ளூர் விழுந்தாலும் அவர்களின் முதியவர்கள் விழ மாட்டார்கள். நம் நிதியையும் வெளியே விட்டிருந்தால் அண்ணையின் 19,000 தப்பியிருக்கும்.

பாலையூற்றான்:
அதே நோர்வே நிதி 2008இல் 23 வீதம் இழந்தது. அதை ஏன் சொல்லவில்லை? ரூபாயில் இருந்ததால் அந்த வருசம் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு டொலர்கூட இல்லை என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

உவர்மலை வாசி:
டொலர் இல்லாததுதானே என் வழக்கு! சாமானெல்லாம் உலக விலையில் வாங்கு, சேமிப்பை மட்டும் ரூபாயில் பூட்டிவை என்றால் அடி யாருக்கு? 2023 கடன் மறுசீரமைப்பில் எங்கள் நிதியிலிருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களைப் புதிய பத்திரங்களாக மாற்றினார்கள். மறுத்தால் நிதியின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும் என்று சட்டம். நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போனதற்கு மாவாலைத் தொழிலாளியின் பணம் போனது. 360, தம்பி, 360.

பாலையூற்றான்:
கடன் வாங்கியது அரசாங்கம். உலகமயமாதல் வந்து கையெழுத்துப் போடவில்லை. இப்போது டொலர் 360இல் இல்லை, அதையும் எழுதுங்கள்.

உவர்மலை வாசி:
200க்கும் திரும்பவில்லை. குளிசைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாரும்.

கன்னியா மாஸ்டர்:
காணி விலை விழவில்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

உவர்மலை வாசி:
மாஸ்டர், காணி வாங்க எங்களிடம் எப்போது காசு இருந்தது? நாளை என் வைப்புப் புத்தகத்தின் படத்தைப் போடுகிறேன், பாலையூற்றான் வந்து பார்க்கட்டும்.