நாய்க்கடிக்கு டெல்லி வரணுமா, வார்டு போதுமா?

வேப்பேரிவாசி:
சென்னையில் ஒரு பிள்ளையைத் தெருநாய் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஊசி போடுவது சுகாதாரத் துறை. நாயைப் பிடிப்பது மாநகராட்சியின் கால்நடைப் பிரிவு. பிடித்த நாயை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்வது ஒன்றிய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதிகள். கடித்தது குரங்காக இருந்தால் வனத்துறையும் உள்ளே வரும். ஆளுக்கொரு பதிவேடு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் புரட்டிப் பார்ப்பதில்லை.

2030க்குள் நாய்வழி ரேபிஸ் சாவே இருக்கக்கூடாது என்று 2021இல் ஒரு தேசிய செயல்திட்டம் வந்தது. இலக்கு நல்ல இலக்குதான். வேலை செய்யாத துறையைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம்? விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் எல்லா நோய்களுக்கும் சேர்த்து, சட்ட அதிகாரமும் சொந்த நிதியும் உள்ள ஒரு தேசிய அமைப்பு வேண்டும். என் கட்சி இதுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

கூவம்கரை:
வந்துவிட்டேன். அரசியலமைப்பில் மாநிலங்களின் அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் பொதுச் சுகாதாரம் 6ஆவது இனம். கால்நடை நோய்த் தடுப்பு அதே பட்டியலில் 15. இரண்டும் நம் கையில் இருக்கும்போது சாவியை ஏன் டெல்லியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939லேயே தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. தெருநாய்க்குக் கருத்தடை என்ற யோசனையே சென்னையில் 1964இல் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கியது. மாநகராட்சி 1996இல் கையில் எடுத்தது. முதல் தேசிய விதி வந்தது 2001இல். யார் யாருக்குப் பாடம் சொல்வது?

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் நலத்தை ஒன்றாகப் பார்க்க ஒன் ஹெல்த் என்று ஒரு தேசிய இயக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட அமைச்சகங்கள், துறைகள். இன்னொரு நாற்காலி போட்டால் இன்னொரு கூட்டம் நடக்கும், அவ்வளவுதான்.

வேப்பேரிவாசி:
பட்டியலை முழுசாகப் படியுங்கள் தோழர். ஒன்றியம், மாநிலம் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் 29ஆவது இனம்: மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது. சட்டம் எழுதியவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது.

2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. அந்த வைரஸைச் சுமக்கும் பழந்தின்னி வௌவாலுக்குக் கேரள எல்லையில் உள்ள வாளையாறு செக்போஸ்ட் தெரியுமா? குரங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்தார்கள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையோரமாகப் பல மாநிலங்களில் இருக்கிறது. அங்கே முதலில் சாவது குரங்கு. அதைப் பார்ப்பவர் வனக்காவலர். உண்ணி கடித்துக் காய்ச்சலோடு வரும் ஆளைப் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். குரங்கு செத்த தகவல் டாக்டருக்கு வந்து சேர்வதற்குள் காய்ச்சல் ஊருக்குள் வந்துவிடும்.

பெரம்பூர் மீனா:
தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவள் நான். திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டிவிடுங்கள், அப்புறம் பேசலாம்.

ரேபிஸ் பரவாமல் நிற்க நூற்றில் 70 நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். சரி. ஒரு முறை போட்டு முடிகிற வேலையா அது? குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன, போட்ட நாய்க்கும் மறுபடி போட வேண்டும். வலையோடு வண்டி வந்தால் தெருவே காலியாகிவிடும். நான் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். எங்களை எந்தத் துறையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கிறதா? நீங்கள் சொல்லும் பட்டியல்களில் சோறு வைக்கிறவர்கள் எத்தனையாவது இனம் சார்?

ஊசிக்காரன்:
நாய்க்கடி வார்டில் வேலை பார்க்கிறேன். மீனா மேடம் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கடித்த நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட மாட்டோம். புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி அன்றைக்கே தொடங்கிவிடுவோம். கூடவே "நாயைப் பத்து நாள் கவனியுங்கள்" என்கிறோம். வீட்டு நாய் என்றால் சரி. தெருநாயை யார் கவனிப்பது? எந்தத் துறையின் வேலைப் பட்டியலிலும் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. நாய் செத்துவிட்டால் மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டும். செத்த நாயை ஆய்வகத்துக்கு யார் தூக்கிக்கொண்டு போவது, ஆட்டோ காசு யார் தருவது?

மழை முடிந்ததும் வரும் எலிக்காய்ச்சலும் இதே கதைதான். நோயாளி எங்களிடம் வருவார். எலியும் மாட்டுக்கொட்டகையும் எங்கள் கணக்கில் கிடையாது.

கூவம்கரை:
இதைத்தான் சொல்கிறேன்! பத்து நாள் நாயைப் பார்க்க டெல்லி எதற்கு? சென்னையில் 200 வார்டு இருக்கிறது. வார்டுக்கு ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு கால்நடை உதவியாளர், மீனா மாதிரி நாலு பேர், ஒரே பதிவேடு. அவ்வளவு போதும்.

வேப்பேரிவாசி:
காசு? 2019இல் மாடுகளைத் தாக்கும் கோமாரி, புரூசெல்லோசிஸ் என்ற இரண்டு நோய்களுக்கும் சேர்த்து ஒன்றிய அரசு 13,343 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. தேசிய அளவில் ஒருவர் பொறுப்பேற்றதால்தான் ஊர் ஊராக மாட்டுக்கு ஊசி போக முடிந்தது. மாநகராட்சி வரிப்பணத்தில் அதைச் செய்ய முடியுமா?

கூவம்கரை:
நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்தீர்கள். கோமாரி மனிதருக்கு வராது. அதற்குப் பணம் வந்தது ஏன்? பால் குறையும், ஏற்றுமதி அடிபடும். பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரக்கூடிய புரூசெல்லோசிஸ் அந்தத் திட்டத்தில் கூடவே தொற்றிக்கொண்டு வந்தது. நாய் பால் கறக்காது, எனவே அதற்கு அந்த அளவில் பணமும் வராது. உங்கள் தேசிய அமைப்பு வந்தாலும் எதற்கு முதலிடம் என்று யார் முடிவு செய்வார்கள்?

பெரம்பூர் மீனா:
இது எனக்கே தோன்றவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

கூவம்கரை:
கொடுக்கட்டும். ஆய்வகம், தடுப்பூசி, மாநிலங்களுக்கு நடுவே எச்சரிக்கை, இதெல்லாம் ஒன்றிய அரசு செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே செலவழிப்பது என்ற கையெழுத்து மாநகராட்சி ஆணையரிடம் இருக்கட்டும்.

வேப்பேரிவாசி:
ஆணையர் மாறினால்? அடுத்தவருக்கு நாய் முக்கியம் இல்லை, மழைநீர் வடிகால்தான் முக்கியம் என்றால்? சட்டக் கட்டாயம் இல்லாமல் எதுவும் மூன்று வருடம் தாண்டாது.

ஊசிக்காரன்:
சட்டமோ கையெழுத்தோ, யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் எழுதும் கடிச்சீட்டின் ஒரு நகல் அன்றைக்கே கால்நடைப் பிரிவுக்குப் போகும்படி செய்ய முடியுமா? தெருப் பெயர் அதில் இருக்கிறது. மீனா மேடம், உங்கள் தெருவை நீங்கள் பார்ப்பீர்கள் என்றால் பக்கத்துத் தெருவுக்கு ஆள் இருக்கிறதா?

பெரம்பூர் மீனா:
இருக்கிறார்கள். மூன்று தெருவுக்கு நானே ஆள் சொல்கிறேன். ரயில்வே குடியிருப்புப் பக்கம்தான் யாரும் இல்லை.